ஆடாத ஆட்டத்தின் அட்டை

உன் அட்டைப்பெட்டி மூன்று வாரமாக என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறுகிறது. இன்று காலை மருமகள் வந்து, "மாமா, இத பால்கனில வெச்சுக்கலாமா? குழந்தைக்குத் தும்மல் வருது" என்றாள். தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தேன். உள்ளே வந்த பிறகும் கையில் அதே வாசனை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உனக்கு எழுதிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். நேரில் கேட்க வழியில்லாததை வேறு எப்படிக் கேட்பது?

நீ போய்ப் பத்து மாதமாகிறது. உன் அடக்க ஆராதனையில் நண்பன் என்ற முறையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சிமெண்ட் மூட்டை விற்றவனுக்கு மைக் எதற்கு? ஆனாலும் அன்று பேசினேன். நாம் இருவரும் ஜோடியாக ஆடிய கடைசி டபுள்ஸ் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "தோள் கிழிஞ்சு போயும் எனக்காகக் கடைசிப் பந்து வரைக்கும் நின்னவன் இவன். நான்தான் லட்டு மாதிரி வந்த ஒரு ஸ்மாஷை வலையில அடிச்சுத் தோக்க வெச்சேன். அதுக்கப்புறம் நாற்பது வருஷத்துல ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டினதில்ல" என்றேன். முன்வரிசையில் இருந்த கிரேஸ் சட்டென்று தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கணவனை இழந்தவளின் பார்வை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று மூன்று வாரத்துக்கு முன்தான் தெரிந்தது.

நீ வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம்தான் கடையை நானும் மகனிடம் ஒப்படைத்தேன். பகலை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்போது நீதான் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தாய். பழைய தொழில்முறை டென்னிஸ் ஆட்டங்களின் விவரங்களைச் சேர்த்துப் பிழை பார்த்து இணையத்தில் வைக்கிற தன்னார்வக் குழு. "பெரிய பெரிய ஸ்டேடியத்துல நடந்ததுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க மச்சான். நம்மள மாதிரி அடிமட்டத்துல ஆடினவங்களுக்குத்தான் யாரும் இல்ல. பாதி ஸ்கோர் தப்பாக் கெடக்கு" என்றாய். ஒருவர் பதிவிட வேண்டும், இன்னொருவர் சரிபார்த்துத் தன் பெயரைப் போட வேண்டும் என்பது அங்கே முறை. நீ பதிவிட்டாய். நான் சரிபார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து வண்டி எடுத்தால் சேலையூரில் உன் வீட்டில் இரண்டாவது காபிக்கு வந்துவிடுவேன்.

அம்பயர் ஆரோக்கியசாமி சாரின் மகள் பல்லாவரம் வீட்டைக் காலி செய்தபோது, அவர் சேர்த்து வைத்திருந்த ஸ்கோர் அட்டைகளை இரண்டு பெட்டியில் கட்டி நம்மிடம் கொடுத்தாள். அன்று உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? நாற்காலி அம்பயர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாயிண்டுக்கும் கட்டத்தில் ஒரு கோடு போடுவார். சர்வ் போட்டவன் ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. எதிராளி தொடக்கூட முடியாத ஏஸ் விழுந்தால் கோட்டுக்குப் பதில் 'ஏ'. இரண்டு சர்வும் தவறிய டபுள் ஃபால்ட் என்றால் 'டி'. வேறு எழுத்து அநேகமாக இருக்காது. அந்தக் கோடுகளை எண்ணிக் கூட்டி, கேம் கேமாக ஸ்கோரோடு ஒத்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

"அட்டை சொல்றதப் போடு. மனசு சொல்றதப் போடாத." எத்தனை தடவை சொல்லியிருப்பாய்!

ஒருமுறை ஓர் அட்டையில் மழைத்துளி விழுந்து ஒரு கட்டம் மட்டும் மை கலங்கியிருந்தது. 'ஏ'யா வெறும் கோடா என்று தெரியவில்லை. "ஏஸ்னு போட்டுட்டுப் போடா, யாருக்கு இன்னா நஷ்டம்? ஆடினவனே மறந்துட்டிருப்பான்" என்றேன். நீ பூதக்கண்ணாடியை எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாய். சாப்பாட்டுக்குக் கிரேஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் 'தெளிவில்லை' என்று பதிவிட்டுவிட்டு, "பாலு, நாம தப்பாப் போட்டா அதுதான் இனிமே நடந்தது. அப்புறம் யாரு வந்து மாத்துவா?" என்றாய். உன்னைப் பற்றி எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் நான் பார்த்ததை நான் சொல்ல வேண்டும்.

நமக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. நீ டீச்சர் வீட்டுப் பிள்ளை. நான் கழனி விற்றுக் கடை வைத்தவர் பிள்ளை. தாம்பரத்து மண் கோர்ட்டில் ஒரே ராக்கெட்டை மாற்றி மாற்றிப் பிடித்து வளர்ந்தவர்கள், எலக்ட்ரிக் ட்ரெயினில் நின்றுகொண்டே நகரத்துக்குப் போய், பரிசுப் பணத்துக்கு ஆடும் ஆட்டத்தில் டபுள்ஸ் அரையிறுதி வரை வந்துவிட்டோம். சிங்கிள்ஸில் நான் முதல் சுற்றிலேயே வெளியே. நீ இன்னும் உள்ளே இருந்தாய். நடுவில் இரண்டு நாள் மழை. அதனால் டபுள்ஸ் ஃபைனலும் உன் சிங்கிள்ஸும் மறுநாள் காலை ஒன்றன்பின் ஒன்றாக என்று போர்டில் எழுதிவிட்டார்கள்.

அரையிறுதியில் ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் நாம்தான் முன்னால் இருந்தோம். அப்போது நீ சர்வ் போட வந்தாய். இரண்டு டபுள் ஃபால்ட். ஓடி வந்து "இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன். தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ கிழிஞ்ச மாதிரி இருக்குடா. கை மேல தூக்க வரல" என்றாய். அந்த கேம் போனது. உன் அடுத்த சர்வீஸிலும் அதேதான். அங்கே ஒரு பாயிண்டில் தலைக்கு மேல் வந்த பந்தை நான் வலையில் அடித்தேன். ஆட்டம் போயிற்று. ராக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து என் தலையில் கை வைத்து, "விடு மச்சான், ஒரு பந்துதான" என்றாய். எந்தக் கையை வைத்தாய் என்று இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலமே நான் ஊருக்கு வந்துவிட்டேன். மறுநாள் நீ வந்து, "சிங்கிள்ஸுக்கு வாக்கோவர் குடுத்துட்டேன், ஆட முடியல" என்றாய்.

அதற்குப் பிறகு நாற்பது நாள். அண்ணனின் மொபெட்டில் உன்னை ஏற்றிக்கொண்டு தினமும் பல்லாவரத்து எலும்பு வைத்தியரிடம் போனேன். அவர் எண்ணெய் தேய்த்து அழுத்தும்போது நீ பல்லைக் கடித்துக்கொண்டு "ஐயோ" என்பாய். நான் வெளியே போய் நின்றுகொள்வேன், பார்க்க முடியாமல். காலையில் உன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் முதலில் கேட்பது, "தோளு எப்டி கீது?" என்றுதான். "கீது, கீது" என்று என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பாய்.

அந்த நாற்பது நாளுக்குள்தான் கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தான். அடுத்து ஐந்து ஊரில் நடக்கவிருந்த போட்டித் தொடர் முழுவதும் என்னோடு ஜோடி சேர்ந்து ஆட விரும்பினான். "வலைகிட்ட உங்க வாலி ஆட்டம் எனக்குப் புடிச்சிருக்குங்க. ஒரு ஸ்மாஷ் போனதுக்கு எதுக்குங்க இப்படி உக்காந்துட்டீங்க?" என்றான். நீ அங்கேதான், எங்கள் வீட்டுக் கட்டிலில், தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தாய். உன்னைப் பார்த்தேன். என் ஜோடி படுத்துக் கிடக்கும்போது இன்னொருவனோடு எப்படிப் போவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் போன பிறகு, "நான் போயிருக்கணுமாடா?" என்று கேட்டேன். "உன் இஷ்டம் மச்சான்" என்றாய்.

அந்த ஒரு நிமிடம் உன் கையில் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தோள் வலி என்று பொய் சொன்னதுகூட அவசரத்தில் வந்திருக்கலாம், மன்னித்துவிடலாம். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கட்டுப் போட்ட நல்ல தோளோடு, நான் என் ஆட்டத்தை விட்டதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்த வருடமே கடையில் உட்கார்ந்தேன். உனக்கு நாலைந்து மாதத்தில் வங்கியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வந்தது. "பழைய ரெக்கார்டப் பார்த்துக் குடுத்தாங்க" என்றாய். தெரு முழுக்க லட்டு கொடுத்தது நான்.

ஆரோக்கியசாமி சாரின் பெட்டிகளைப் பிரித்தபோது, "நீ அத எடுத்துக்கோ, இது நான் பார்க்கறேன்" என்று ஒன்றை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். நம் அரையிறுதியின் அட்டை அதில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினாய். மூன்றாவது செட்டில் உன் பெயருக்கு எதிரே 'டி', 'டி', 'டி'. நீ உன் தோளை லேசாகத் தட்டினாய். நான் அந்தத் தோளில் கை வைத்தேன். பிறகு நீ மறுநாள் சிங்கிள்ஸுக்கான பக்கத்தைத் திறந்து 'வாக்கோவர்' என்று பதிவிட்டாய்.

"இதுக்கு அட்டை?" என்று கேட்டேன், பழக்கத்தில்.

"ஆடாத மேட்ச்சுக்கு ஏதுடா அட்டை? நீதான் சாட்சி. வெரிஃபை பண்ணு."

சரிபார்க்கப்பட்டது என்று அழுத்தினேன். என் பெயர் விழுந்தது.

மூன்று வாரத்துக்கு முன் கிரேஸ் போன் செய்தாள். "அண்ணா, அவரோட பெட்டி ஒண்ணு பரண்ல கெடக்கு. பேப்பர்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றாள். போனேன். அட்டைகளையெல்லாம் எடுத்து வெளியே அடுக்கிய பிறகு, பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாள் ஓரமாக எழும்பியிருந்தது. தூக்கினேன். அடியில் ஓர் அட்டை. ஆரோக்கியசாமி சாரின் கையெழுத்து. உன் பெயர். அரையிறுதிக்கு மறுநாள் தேதி. காலை நேரம். சிங்கிள்ஸ்.

முழு அட்டை. மூன்று செட். கட்டம் கட்டமாகக் கோடு.

முதலில் உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தேன், நம்பு. தேதியைத் தப்பாக எழுதியிருப்பார் என்று நினைத்தேன். வேறு யாருடைய ஆட்டத்திலோ உன் பெயரைப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நீ கற்றுக்கொண்டு எனக்குச் சொன்ன எல்லாச் சோதனையும் செய்தேன். கையொப்பத்தை ஒப்பிட்டேன். அவருடைய பேனா அந்த வாரம் ஒழுகிக்கொண்டிருந்தது, அரையிறுதி அட்டையிலும் இதிலும் ஒரே ஊதாக் கறை. எதிராளியின் பெயர் அடுத்த சுற்றிலும் இருக்கிறது, அதனால்தான் நீ வாக்கோவர் என்று போட்டபோது எங்கேயும் இடிக்கவில்லை. கோடுகளைக் கூட்டினேன். ஸ்கோர் சரியாக வந்தது. நீ தோற்றிருக்கிறாய். ஆனால் உன் சர்வீஸ் கேம்களில் ஏஸ் மேல் ஏஸ். கடைசி செட் முழுவதும் ஒரு 'டி' கூட இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் தலைக்கு மேல் தூக்க வராத கை.

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரேஸ் காபி கொண்டு வந்தாள். "என்னண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"கிரேஸ், இவனுக்குப் பேங்க்ல வேலை எப்படிக் கெடச்சுது? உனக்கு ஏதாவது சொல்லியிருக்கானா?"

"ஐயோ, அது தெரியாதா உங்களுக்கு? பொண்ணு பார்க்க வந்தப்பவே அத்தை அதைத்தான பெருமையா சொன்னாங்க. பேங்க்லருந்து ஒரு ஆபீஸர் மேட்ச் பார்க்க வர்றேன்னு முன்னாடியே சொல்லியிருந்தாராம். காலைல ஆட்டம். தோத்துதான் போனாராம். ஆனா சர்வீஸைப் பார்த்துட்டு அந்த ஆபீஸர் அங்கயே கை குடுத்தாராம். எங்க பசங்களுக்கெல்லாம் இந்தக் கதையச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன்."

அவள் டம்ளரை வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு சர்ச்ல தோள் கிழிஞ்சுதுன்னு சொன்னீங்களே, அது எந்த வருஷம்? எனக்குத் தெரிஞ்சு அவருக்குத் தோள் வலின்னு ஒரு நாளும் வந்ததே இல்லையே."

"அது ரொம்ப முன்னாடிம்மா. உன் கல்யாணத்துக்கு முன்னாடி" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொய் அது. உனக்காகச் சொன்னேனா அவளுக்காகச் சொன்னேனா, தெரியவில்லை.

ஆக, ஃபைனலில் ஓடிக் களைத்த காலோடு அந்த அதிகாரியின் முன்னால் நிற்க உனக்கு விருப்பமில்லை. உன் அப்பா இறந்த வருடம் அது. உன் அம்மாவின் டீச்சர் சம்பளத்தில் நான்கு பேர். அந்த வேலை உனக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தால் என்னடா? கோர்ட்டுக்குப் போகிற வழியில், ட்ரெயினில், "மச்சான், நாளைக்கு ஒருத்தர் பார்க்க வர்றாரு, இத விட்டுடலாமா" என்று ஒரு வார்த்தை. நானே வேண்டுமென்று தோற்றிருப்பேன். பந்தை வலையில் அடித்துவிட்டுச் சிரித்திருப்பேன். அதே ஸ்மாஷ், அதே வலை. நாற்பது வருடம் அது என் தப்பாக இருந்திருக்காது. இத்தனைக்கும் அரையிறுதி அட்டையில் என் ஸ்மாஷுக்கு என்று தனி எழுத்துகூடக் கிடையாது. மற்றவற்றைப் போல வெறும் ஒரு கோடு. எழுத்துப் போட்டு எழுதியிருந்தது உன் டபுள் ஃபால்ட்டுகளைத்தான்.

மறுநாள் நம் குழுவை ஒருங்கிணைக்கும் நிவேதாவுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கரணைப் பெண், ஐ.டி.யில் வேலை பார்க்கிறாளே, உன்னை 'டிக்‌ஷனரி அங்கிள்' என்பாளே, அவள்தான். ஒரு வாக்கோவரைத் திருத்த வேண்டும், அட்டை கிடைத்திருக்கிறது என்றேன்.

"சூப்பர் சார்! யாரு போட்டது?" என்றாள். சொன்னேன். "வெரிஃபை பண்ணது?" அதையும் சொன்னேன். "சார், இது அவரோட சொந்த மேட்ச். ஆடினோமா இல்லையான்னு அவருக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சே தப்பாப் போட்டதுன்னா, அவர் போட்ட எல்லா மேட்ச்சுக்கும் மறுபடி செக் பண்ணணும்னு ஃபிளாக் வந்துடும். நீங்க சரிபார்த்ததுக்கும் சேர்த்துத்தான். ரூல் தெரியும்ல?"

"தெரியும்மா. அவன்தான் அந்த ரூலை எழுதச் சொன்னான்."

"வேணும்னா நான் அப்புறமா பாக்கறேன் சார். யாரும் கேக்கப் போறதில்ல."

கேட்கப் போவதில்லைதான். அடிமட்டச் சுற்றில், யாருக்கும் தெரியாத ஒருவன் யாருக்கும் தெரியாத இன்னொருவனிடம் தோற்ற ஆட்டம். ஆனாலும் நான் உட்கார்ந்து அந்த அட்டையைக் கேம் கேமாகப் பதிவிட்டேன். உன் ஏஸ் ஒவ்வொன்றையும் போட்டேன், ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் முதலில் ஒரு பத்தி எழுதினேன். உன்னைத் திட்டித்தான். பிறகு அதை அழித்துவிட்டு, 'அட்டை கிடைத்தது' என்று மட்டும் போட்டேன். நீ அட்டை சொன்னதைப் போடச் சொன்னவன். போட்டுவிட்டேன். இப்போது உன் பெயரிலுள்ள ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்கிற ஒரு மஞ்சள் முக்கோணம் நிற்கிறது. என் பெயருக்குப் பக்கத்திலும்தான்.

ஏன் அதைக் கிழித்துப் போடவில்லை? அதுதான் எனக்குப் புரியவே இல்லை. எட்டு வருடம் அந்தப் பெட்டி உன் வீட்டில் இருந்தது. ஒரு தீக்குச்சி போதும். என் கையில் ஒருநாள் கிடைக்கட்டும் என்று வைத்தாயா? இல்லை, ஓர் அட்டையைக் கிழிக்க உனக்குக் கை வரவில்லையா? எனக்குச் செய்ய வந்த கை அந்தக் காகிதத்துக்குச் செய்ய வரவில்லை என்றால், அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

மறுபடி செக் பண்ணும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று நிவேதாவிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பதிவிட்டு நான் சரிபார்த்ததை வேறொருவர் பார்க்கட்டும். நீ பதிவிட்டதை நான்தான் பார்ப்பேன். தினமும் பத்து மணிக்கு உட்காருகிறேன், இப்போது என் வீட்டில். அட்டையை எடுக்கிறேன், கோடுகளை எண்ணுகிறேன், நீ போட்டதோடு ஒத்துப் பார்க்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், தப்பு கிடைக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் எண்ணுகிறேன். இன்னும் ஒன்று, ஒரே ஒன்று, நீ தெரிந்தே மாற்றிப் போட்டது கிடைத்தால் போதும், இவன் எல்லோரிடமும் இப்படித்தான் என்று உன்னை முடித்து வைத்துவிடலாம். பாதிக்கு மேல் பார்த்தாகிவிட்டது. எங்கேயோ ஜெர்மனியிலிருந்து வந்து முதல் சுற்றில் தோற்றுப் போனவனின் டபுள் ஃபால்ட்டைக்கூட நீ சரியாக எண்ணியிருக்கிறாய். முகம் தெரியாத எல்லோருக்கும் நீ நியாயமாக இருந்திருக்கிறாய்.

ஒவ்வொரு மஞ்சள் முக்கோணமாக எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒவ்வொன்று போகும்போதும் உன் பெயர் கொஞ்சம் சுத்தமாகிறது. என் கோபம் கொஞ்சம் கூடுகிறது.